பரணில் கிடக்கும் டிவி கேம்: சரிசெய்வதா, புதிது வாங்குவதா, எமுலேட்டரா?

பழைய வீடியோ கேம் பற்றிக் கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். பரணில் ஒரு செட் கிடக்கிறது, கூடவே நாலைந்து கேசட். அதைத் தூசி தட்டிச் சரிசெய்யலாமா? ஆயிரக்கணக்கான கேம் உள்ளே இருக்கிறது என்று விற்கிற புதுப் பெட்டியை வாங்கிவிடலாமா? எஃப்பிஜிஏ என்று ஏதோ பெரிதாகச் சொல்கிறார்களே, அது தேவையா? இல்லை, லேப்டாப்பில் எமுலேட்டர், அதாவது பழைய செட்டைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள், போட்டால் போதுமா?

பதில் ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் யார் கேட்டாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: உங்கள் வீட்டில் என்ன டிவி இருக்கிறது? செட்டைப் பற்றி மணிக்கணக்கில் ஆராய்கிறவர்கள் டிவியைப் பற்றி யோசிப்பதே இல்லை. பணம் கரைவதும், வாங்கியது ஏமாற்றமாக முடிவதும் பெரும்பாலும் அங்கேதான்.

## உங்களிடம் இருப்பது எது?

90களில் நம் ஊர்க் கடைகளில் டிவி கேம் என்று விற்றவை பெரும்பாலும் நின்டெண்டோவின் ஃபேமிகாமைப் பார்த்துச் செய்த நகல்கள். ஃபேமிகாம் 1983 ஜூலையில் ஜப்பானில் வந்தது. 1985இல் அமெரிக்காவுக்குப் போனபோது பெட்டி, கேசட் எல்லாமே மாறி, பெயரும் என்இஎஸ் ஆனது. ஃபேமிகாம் கேசட்டுக்கு 60 பின், என்இஎஸ் கேசட்டுக்கு 72. லிட்டில் மாஸ்டர், மீடியா போன்ற பெயர்களில் இங்கே வந்த செட்டுகள் 60 பின் ரகம். சந்தேகம் இருந்தால் கேசட்டின் அடியில் தெரியும் கோடுகளை ஒரு பக்கம் எண்ணிப் பாருங்கள், 30 வரும்.

இது ஏன் முக்கியம் என்றால், இணையத்தில் என்இஎஸ் ஒன்றை ஆசையாக வாங்கி, வீட்டுக் கேசட் அதில் நுழையாமல் விழிப்பவர்கள் உண்டு. 60 பின்னை 72 ஆக்கும் அடாப்டர் கிடைக்கும். ஆனால் என்இஎஸ்ஸில் அசல் கேசட்தானா என்று பார்க்கும் பூட்டுச் சிப் ஒன்று இருப்பதால், அடாப்டரிலும் அதற்கு ஈடான சிப் இருக்க வேண்டும். ஃபேமிகாமில் இந்தப் பூட்டே கிடையாது. நகல் செட்டுகள் இவ்வளவு எளிதாகப் பெருகியதற்கு அதுவும் ஒரு காரணம்.

கேசட்டும் அசலாக இருக்க வாய்ப்பு குறைவு. "9999 இன் 1" என்று அட்டையில் போட்டிருந்தாலும் உள்ளே இருப்பது சில பத்து கேம்தான். அதையே ஒரு முறை மூன்றாம் கட்டத்தில் தொடங்கி, ஒரு முறை உயிர் கூட்டி, வேறு வேறு பெயரில் பட்டியலில் அடுக்கியிருப்பார்கள். நமக்கு அதுவும் ஒரு நினைவுதான், அதில் தப்பில்லை. ஆனால் இந்தக் கேசட்டுக்குச் சேகரிப்போர் சந்தையில் பெரிய விலை வரும் என்று நம்பிச் சரிசெய்ய இறங்க வேண்டாம்.

## எதை வைத்து எடை போடுவது?

நான் பார்ப்பது ஐந்து: நோக்கம், டிவி, தாமதம், வேகம், மறைந்திருக்கும் செலவு. நோக்கம் சட்டென்று முடிந்துவிடும். உங்களுக்கு விளையாடப் பிடிக்குமா, திறந்து பார்த்துச் சரிசெய்யப் பிடிக்குமா? இரண்டும் வேறு வேறு பொழுதுபோக்கு. முதலாமவர் பழைய செட்டை வாங்கினால் ஒரு மாதத்தில் சலித்துவிடும். இரண்டாமவர் எமுலேட்டர் போட்டால் ஒரு மாலையில் சலித்துவிடும்.

டிவி. ஃபேமிகாம் தருகிற படம் 240 கோடுகள், நொடிக்கு 60 முறை. பழைய குழாய் டிவி அதை வந்த வேகத்திலேயே திரையில் எழுதிவிடும். இன்றைய எல்இடி டிவி அப்படியல்ல. மஞ்சள் ஏவி வயரில் வருகிற படத்தைப் பல டிவிகள் பாதிப் பாதியாக வரும் கேபிள் டிவிப் படம் என்று நினைத்து, இரண்டு பாதிகளை ஒட்டவைக்கப் பார்க்கும். விளைவு, ஓடும் உருவத்தின் ஓரம் சீப்புப் பல் போலப் பிசிறும். அடிபட்ட வீரன் மினுக்குவது சில டிவிகளில் தெரியவே தெரியாது, ஆளே காணாமல் போய்விடுவான். பட்டனை அழுத்துவதற்கும் குதிப்பதற்கும் நடுவில் ஒரு மந்தம் வரும். புது டிவிகளில் மஞ்சள் வயர் செருகும் துளையையே எடுத்துவிடுகிறார்கள். கடையில் கிடைக்கும் மலிவான ஏவி – எச்டிஎம்ஐ மாற்றி படத்தைக் கொண்டுவரும், ஆனால் இதே கோளாறுகளோடு. ஓஎஸ்எஸ்சி, ரெட்ரோடிங்க் என்று இதற்கென்றே செய்த மாற்றிகள் உண்டு. அவற்றின் விலை பெரும்பாலும் செட்டின் விலையைத் தாண்டும்.

வாத்து சுடும் துப்பாக்கி எல்இடியில் வேலையே செய்யாது. அதன் முனையில் இருப்பது ஒளி உணரும் சென்சார். விசையை இழுத்ததும் கேம் திரையைக் கண நேரம் கருப்பாக்கி, வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் போடும். அந்த வெளிச்சம் எதிர்பார்த்த கணத்தில் வந்தால்தான் குறி விழுந்ததாகக் கணக்கு. எல்இடி கொஞ்சம் தாமதித்துக் காட்டுவதால் திரையில் முனையை ஒட்டி வைத்துச் சுட்டாலும் வாத்து பறந்துகொண்டேதான் இருக்கும்.

ஆகவே குழாய் டிவி ஒன்று கையில் இருந்தால் உங்கள் கணக்கே வேறு. தமிழ்நாட்டில் 2006க்குப் பிறகு அரசு வீடு வீடாகக் கொடுத்த 14 அங்குல வண்ண டிவி நினைவிருக்கிறதா? அது இன்னும் ஓடுகிற வீடுகளும் உண்டு, மூலையில் முடங்கிய வீடுகளும் உண்டு. யாராவது காயலான் கடைக்கு அனுப்பப் போகிறார்கள் என்றால் தடுத்து நிறுத்துங்கள். மஞ்சள் துளை இருக்கிறதா, மெனுவில் வண்ண முறை என்ற இடத்தில் என்டிஎஸ்சி (ஜப்பான், அமெரிக்க டிவிகளின் முறை) இருக்கிறதா என்று பாருங்கள். நம் நாட்டு டிவிகளின் பால் (PAL) முறை மட்டும் தெரிந்த டிவியில் ஜப்பானிய செட்டைச் செருகினால் படம் கருப்பு வெள்ளையாக வரும், அல்லது மேலும் கீழும் உருளும். இன்னொன்று, குழாய் டிவியின் முதுகை நீங்களே திறக்காதீர்கள். உள்ளே சுமார் 20,000 வோல்ட் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் தங்கும். பழைய டிவி மெக்கானிக் இன்னும் கடை வைத்திருந்தால் அவரிடம் விடுங்கள்.

தாமதம். ஒரு படம் திரையில் நிற்பது 16.7 மில்லிநொடி. இரண்டு மூன்று படம் தாமதித்தால் மரியோவில் பெரிதாகத் தெரியாது. குத்துச்சண்டை கேமில் தெரியும். எதிராளி கையை ஓங்குவதைப் பார்த்து விலகினால் விலகி முடிப்பதற்குள் குத்து விழுந்திருக்கும்.

வேகம். இதை யாரும் சொல்வதில்லை. பால் டிவிக்காகச் செய்த நகல் செட்டுகள் நொடிக்கு 50 படம்தான் காட்டின. ஜப்பானியக் கேம்கள் 60 படத்துக்கு எழுதப்பட்டவை. ஆக, அந்தச் செட்டுகளில் கேமும் அதன் இசையின் தாளமும் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். பிராசசரின் வேகம் ஏறக்குறைய அதே என்பதால் சுருதி மாறாது, தாளம் மட்டும் தளர்ந்திருக்கும். அதோடு சில நகல் சிப்புகளில் ஒலி அலையின் இரண்டு வடிவங்கள் இடம் மாறி இருப்பதால் குரலே வேறு மாதிரி கேட்கும். சிறுவயதில் விளையாடியதைப் புதிய கருவியில் போட்டுப் பார்த்து "இது நம்ம கான்ட்ரா மாதிரி இல்லையே" என்று தோன்றினால், உங்கள் காது பொய் சொல்லவில்லை.

மறைந்திருக்கும் செலவு. அடாப்டர், வெளிநாட்டிலிருந்து வரும் பார்சல் கட்டணம், சுங்க வரி, கருவிகள், அப்புறம் உங்கள் ஞாயிற்றுக்கிழமைகள். ஒவ்வொரு வழியிலும் இது எங்கே ஒளிந்திருக்கிறது என்று கீழே பார்ப்போம்.

## வழி 1: பழைய செட்டைச் சரிசெய்வது

உங்கள் வீட்டிலேயே இருக்கிற செட் என்றால் முதல் முயற்சிக்குச் செலவு மிகக் குறைவு. அதனால் மற்ற வழிகளுக்குப் போகும் முன் இதை ஒரு முறை செய்து பார்த்துவிடுவது நல்லது.

செட்டுக்கு மின்சாரம் கொடுக்கும் முன் அடாப்டரைப் பாருங்கள். பெரும்பாலான கெட்ட செய்தி இங்கிருந்துதான் வரும். ஃபேமிகாமுக்கு வேண்டியது டிசி, பிளக்கின் நடுமுனை நெகட்டிவ். நகல் செட்டுகளில் நடுமுனை எது என்பது செட்டுக்குச் செட் மாறும், அதனால் பெட்டியின் அடியில் அச்சிட்டிருப்பதை மட்டும் நம்புங்கள். அமெரிக்க என்இஎஸ்ஸோடு வந்த அடாப்டர் 9 வோல்ட் ஏசி தரும்; அதை ஃபேமிகாமில் செருகினால் செட் போய்விடும். ஜப்பானிலிருந்து வரும் அடாப்டர் 100 வோல்ட்டுக்குச் செய்தது. நம் 230 வோல்ட்டில் செருகினால் புகைதான். அதை ஒதுக்கி வைத்துவிட்டு 9 வோல்ட், ஒரு ஆம்பியர், நடுமுனை நெகட்டிவ் டிசி அடாப்டர் ஒன்றை வாங்கிவிடுங்கள். சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் இது சாதாரணமாகக் கிடைக்கும்.

அடுத்தது கேசட். திரை ஒரே நிறமாக நின்றாலோ, எழுத்தும் உருவமும் குப்பையாகச் சிதறினாலோ பத்தில் எட்டு முறை காரணம் அழுக்கு படிந்த பின்தான். நாம் எல்லோரும் செய்தது போல ஊதாதீர்கள். ஊதியதும் வேலை செய்ததற்குக் காரணம், கேசட்டைக் கழற்றி மறுபடி செருகியதுதான். வாயிலிருந்து போகும் ஈரம் பின்னை மெல்ல அரிக்கும். கடலோர ஊர்களில் உப்புக் காற்று வேறு அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. மொபைல் சர்வீஸ் கடைகளில் பயன்படுத்தும் ஐபிஏ, அதாவது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், 99 சதவீதம் என்று கேட்டு வாங்குங்கள். பஞ்சுக் குச்சியில் நனைத்து, பின்னின் நீளவாக்கில் துடைக்க வேண்டும். குச்சி கருப்பாக வருவது நிற்கும்வரை மாற்றி மாற்றித் துடைக்கவும். உப்புத்தாள், சொரசொரப்பான ரப்பர் வேண்டாம், மேல் பூச்சு போய்விடும். தின்னர், பெட்ரோல் பக்கமே போகாதீர்கள், பிளாஸ்டிக் உருகும். செட்டின் வாய்க்குள்ளே துடைக்க, அட்டை ஒன்றில் மெல்லிய துணியைச் சுற்றி ஐபிஏவில் நனைத்துச் செருகி எடுத்தால் போதும். நன்றாகக் காய்ந்த பிறகு சுவிட்ச் போடுங்கள்.

இதற்கு மேல் போனால் சால்டரிங் அயர்ன் வேண்டும். பவர் வருவதில்லை என்றால் வோல்ட்டேஜைச் சீராக்கும் 7805 என்ற மூன்று கால் ஐசியை முதலில் பாருங்கள், மலிவு, எங்கும் கிடைக்கும். படத்தில் அலை அலையாகக் கோடு ஓடினால் அடாப்டர் அல்லது கப்பாசிட்டர். ஜாய்ஸ்டிக்கில் ஒரு திசை மட்டும் வேலை செய்யாவிட்டால் பெரும்பாலும் வயர் பிளக்குக்கு அருகே உள்ளுக்குள் அறுந்திருக்கும். பட்டன் மந்தமானால் ரப்பரின் அடியிலுள்ள கரும்பூச்சு தேய்ந்திருக்கும். நகல் செட்டுகளின் 9 பின் ஜாய்ஸ்டிக் பிளக் சேகா, அட்டாரி ஜாய்ஸ்டிக்கில் இருப்பது போலவே தெரியும், உள்ளே வயரிங் வேறு. ஒன்றை மற்றொன்றில் செருகிப் பார்க்கும் சோதனையெல்லாம் வேண்டாம்.

எல்லை எங்கே என்றும் தெரிந்திருக்க வேண்டும். பழைய நகல் செட்டைத் திறந்தால் தனித்தனியாகப் பெரிய ஐசிகள் தெரிந்தால் நல்லது. தைவானின் யூஎம்சி நிறுவனம் ஃபேமிகாம் சிப்புகளைப் போலவே செய்தவை அவை. ஒன்று போனால் இன்னொரு செத்த செட்டிலிருந்து எடுத்துப் போடலாம். பின்னால் வந்தவற்றில் எல்லாவற்றையும் ஒரே சிப்பில் அடக்கி, மேலே கருப்புப் பிசினை ஒரு சொட்டு விட்டு மூடியிருப்பார்கள். அது போனால் போனதுதான். மலிவுக் கேசட்டுகளிலும் இதே கருப்புச் சொட்டுதான்.

அசல் கேசட் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இன்னொரு வேலை. நடுவில் நிறுத்திய இடத்தைச் சேமித்து வைக்கும் கேசட்டுகளுக்குள், அமெரிக்காவில் 1987இல் வந்த தங்க நிற செல்டா கேசட்டில் இருப்பது போல, சிஆர்2032 பட்டன் பேட்டரி இருக்கும். அதைத் தகடு ஒட்டிய பேட்டரியாக வாங்கி மாற்ற வேண்டும். வெறும் பேட்டரி மேல் நேரடியாகச் சால்டர் வைத்தால் வெடிக்கலாம். பழையதைக் கழற்றியதும் சேமித்தது அழிந்துவிடும். என்இஎஸ் கேசட்டைத் திறக்க 3.8 மில்லிமீட்டர் தனி பிட் வேண்டும்.

செட் இல்லை, ஜப்பானிய ஃபேமிகாம் ஒன்றை வாங்கத்தான் யோசனை என்றால், 1993இல் வந்த ஏவி ஃபேமிகாமைத் தேடுங்கள். 1983 மாடலில் ஆண்டெனா வழியாக மட்டும்தான் படம் வரும், அதுவும் ஜப்பானிய சேனல் அலைவரிசையில். அதை மஞ்சள் வயருக்கு மாற்ற உள்ளே வேலை செய்தாக வேண்டும். அதன் ஜாய்ஸ்டிக்கையும் கழற்ற முடியாது.

பழுத்து மஞ்சளான பெட்டியை ஹைட்ரஜன் பெராக்சைடும் வெயிலும் வைத்து வெளுக்கும் முறை பிரபலம். நம் ஊர் வெயிலுக்குச் சீக்கிரமே வெளுக்கும்தான். ஆனால் மஞ்சள் திரும்ப வருவதுண்டு, பெராக்சைடு தோலைப் பொசுக்கும். மஞ்சளாகவே இருந்தால் என்ன என்பது என் கட்சி.

இந்த வழி யாருக்குச் சரி? வீட்டிலேயே செட்டும் குழாய் டிவியும் இருப்பவருக்கு. சுவிட்ச் போட்டதும் ஓடாவிட்டால் கோபப்படாமல் ஆர்வப்படுகிறவருக்கு. அடுத்த வாரம் பிள்ளையின் பிறந்தநாளுக்கு என்று கேட்பவருக்கு இது வேண்டாம்.

## வழி 2: கடையில் கிடைக்கும் புது நகல் செட்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு இதில் அவ்வளவு மரியாதை இல்லை. எச்டிஎம்ஐ குச்சி, இரண்டு வயர்லெஸ் ஜாய்ஸ்டிக், உள்ளே பல ஆயிரம் கேம் என்று வருபவை கேசட் ஏற்காது. உள்ளே இருப்பது ஒரு மலிவு எமுலேட்டரும் மெமரி கார்டும்தான், கேம்கள் அனுமதி பெறாதவை. கார்டு தரக்குறைவாக இருந்தால் சில மாதத்தில் படுத்துவிடும். வயர்லெஸ் ஜாய்ஸ்டிக்கின் தாமதமும் டிவியின் தாமதமும் கூடிக்கொள்ளும். கேசட் ஏற்கும் புது நகல் செட்டுகளில் இருப்பது அந்தக் கருப்புச் சொட்டுச் சிப்தான். நிறமும் ஒலியும் அசலிலிருந்து விலகியிருக்கும், காசில்வேனியா 3 போலக் கேசட்டுக்குள் கூடுதல் சிப் வைத்த கேம்கள் பல செட்டுகளில் ஓடாது.

ஆனாலும் ஒரு இடத்தில் இதுதான் சரி. விருந்தினர் வந்த வீட்டில், பிள்ளைகள் ஒரு மாலை கூச்சல் போட்டு விளையாட வேண்டும், உடைந்தால் கவலை இல்லை என்றால் இதைவிட மலிவாக எதுவும் கிடைக்காது.

## வழி 3: எஃப்பிஜிஏ

எஃப்பிஜிஏ என்பது உள் இணைப்புகளை நாமே மாற்றி அமைக்கக்கூடிய சிப். ஃபேமிகாமின் சிப்புகள் எப்படி வேலை செய்தன என்ற விவரத்தை அதில் ஏற்றினால், அது அந்தச் செட்டைப் போலவே நடந்துகொள்ளும். வேறு விவரத்தை ஏற்றினால் சேகாவின் மெகா டிரைவ் செட் ஆகும், ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டர் ஆகும். இதில் பெரிய பெயர் மிஸ்டர் திட்டம். டிஇ10 நானோ என்ற பலகையில் 2017இல் தொடங்கி, ஆர்வலர்கள் கூடி வளர்த்தது. தாமதம் மிகக் குறைவு, படம் நேராக எச்டிஎம்ஐயில் வரும், வேண்டுமென்றால் கூடுதல் பலகை போட்டுக் குழாய் டிவிக்கும் கொடுக்கலாம்.

செலவு ஒளிந்திருக்கும் இடம்: அந்தப் பலகை மட்டும் 200 டாலருக்கு மேல் விற்றது; நினைவகப் பலகை, யூஎஸ்பி பலகை, பெட்டி, ஜாய்ஸ்டிக் எல்லாம் தனி. 2024இல் வந்த மிஸ்டர் பை போன்ற மலிவுப் பலகைகள் இதைப் பாதியாகக் குறைத்தன, பார்சலும் வரியும் போக. பிறகு, மிஸ்டரில் கேசட் செருக இடம் கிடையாது. கேம் கோப்புகளை நீங்கள்தான் கொண்டுவர வேண்டும். பரணில் இருக்கும் கேசட்டுக்காக இதை வாங்கினால் கேசட் பரணிலேயேதான் இருக்கும். கேசட் ஏற்கும் எஃப்பிஜிஏ செட்டும் உண்டு: 2016இல் அமெரிக்காவில் வந்த ஏவிஎஸ், 60 பின், 72 பின் இரண்டுக்கும் வாய் வைத்தது. வழி 1க்கும் வழி 3க்கும் நடுவில் ஊசலாடுபவருக்குப் பொருத்தமானது அதுதான். கடையில் போய் வாங்க முடியாது, வரவழைக்க வேண்டும்.

ஒரு விஷயத்தில் நான் ஊரோடு ஒத்துப்போவதில்லை. எஃப்பிஜிஏ என்றாலே அசல் போலத் துல்லியம், எமுலேட்டர் என்றாலே போலி என்று பேசுகிறார்கள். இரண்டையும் எழுதுவது மனிதர்கள்தான். அசல் சிப்பை எவ்வளவு புரிந்துகொண்டு எழுதினார்கள் என்பதைப் பொறுத்தே துல்லியம். எஃப்பிஜிஏவின் உண்மையான பலம் தாமதம் குறைவது, அப்புறம் சுவிட்ச் போட்டதும் சில நொடியில் விளையாட உட்கார முடிவது.

பல வகைச் செட்டுகளையும் கம்ப்யூட்டர்களையும் ஒரே பெட்டியில் வேண்டும், அடிக்கடி விளையாடுவேன், இடம் குறைவு என்பவருக்கு இதில் போடும் பணம் வீணாகாது. ஃபேமிகாம் மட்டும் போதும் என்பவருக்கு இது அதிகம்.

## வழி 4: எமுலேட்டர்

காசு செலவழிக்கும் முன் எல்லோரும் இங்கே ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகலாம் என்பது என் யோசனை. பழைய லேப்டாப் போதும். மெசென் என்ற இலவச எமுலேட்டர் ஃபேமிகாமை மிக நுணுக்கமாக ஒத்து நடக்கும். அதில் பகுதியைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் என்டிஎஸ்சி, பால் தவிர டெண்டி என்று ஒன்று இருக்கும். டெண்டி ரஷ்யாவில் 1992 முதல் விற்ற நகல் செட். அதுவும் நம் ஊர் பால் நகல்களைப் போல 50 படம் காட்டும் ரகம். நமக்கு நினைவிருக்கும் அந்த மெதுவான வேகம் வேண்டும் என்றால் இதைப் போட்டுப் பாருங்கள்.

தாமதத்துக்கும் வழி உண்டு. ரெட்ரோஆர்க் என்ற எமுலேட்டர் மென்பொருளில் உள்ள ரன் அஹெட் என்ற வசதி, கேமை இரண்டு மூன்று படம் முன்னே ஓட்டிப் பார்த்துத் தாமதத்தை விழுங்கிவிடும். டிவியில் கேம் மோடு போட்டு, புளூடூத்துக்குப் பதில் வயர் ஜாய்ஸ்டிக் வைத்தால் பெரும்பாலானோருக்கு வித்தியாசமே தெரியாது.

இங்கே மறைந்திருக்கும் செலவு பணம் இல்லை. ஒன்று, பட்டியலில் ஆயிரம் கேம் இருந்தால் எதையும் ஐந்து நிமிடத்துக்கு மேல் விளையாட மாட்டோம். பத்துக் கேம் மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. இன்னொன்று, சட்டம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, முறையாக வைத்திருக்கும் கணினி நிரலுக்குப் பாதுகாப்புப் பிரதி எடுத்துக்கொள்ள இடம் தருகிறது. இணையத்தில் யாரோ போட்டதை இறக்கிக்கொள்வது அதில் சேராது. கேசட்டைப் படித்துக் கோப்பாக மாற்றும் கருவிகள் கிடைக்கும். கேசட்டே திருட்டுக் கேசட் என்றால் அந்த வாதமும் நிற்காது என்பது வேறு கதை.

## ஒரே பார்வையில்

| | பழைய செட் | புது நகல் | எஃப்பிஜிஏ | எமுலேட்டர் |
|---|---|---|---|---|
| தொடக்கச் செலவு | வீட்டில் இருந்தால் மிகக் குறைவு | குறைவு | அதிகம் | லேப்டாப் இருந்தால் இல்லை |
| மறைந்த செலவு | டிவி, அடாப்டர், நேரம் | சீக்கிரம் பழுதாகும் | துணைப் பலகைகள், வரி | அமைக்கும் பொறுமை |
| குழாய் டிவியில் | இதற்காகவே செய்தது | மஞ்சள் வயர் இருந்தால் | கூடுதல் பலகையோடு | சிரமம் |
| எல்இடி டிவியில் | நல்ல மாற்றி தேவை | எச்டிஎம்ஐ இருந்தால் ஓடும் | மிக நன்று | நன்று |
| வீட்டுக் கேசட் ஓடுமா | ஓடும் | சிலவற்றில் | ஏவிஎஸ் போன்றவற்றில் மட்டும் | நேரடியாக ஓடாது |
| வாத்துத் துப்பாக்கி | குழாய் டிவியில் மட்டும் | பெரும்பாலும் இல்லை | குழாய் டிவியும் அடாப்டரும் வேண்டும் | மவுஸ் வைத்து |
| பழுதானால் | சரிசெய்யலாம், எல்லை உண்டு | தூக்கிப் போட வேண்டும் | பலகையை மாற்ற வேண்டும் | கவலை இல்லை |

## ஹோம் கம்ப்யூட்டர் என்றால் கணக்கு மாறும்

கேம் செட்டுக்கு நான் முதலில் சரிசெய்து பார்க்கச் சொன்னேன். 80களின் ஹோம் கம்ப்யூட்டர் கையில் கிடைத்தால் அப்படிச் சொல்ல மாட்டேன். இவற்றில் நினைவகச் சிப் அதிகம், வோல்ட்டேஜ் வகை அதிகம், ஒரு முறை தவறாகச் சுவிட்ச் போட்டால் ஆகும் சேதமும் அதிகம். முதலில் எமுலேட்டர், பிறகு வன்பொருள் என்பதே இங்கே சரியான வரிசை.

நம் நாட்டில் கிடைக்க வாய்ப்புள்ளவை சில உண்டு. 1982இல் பிரிட்டனில் வந்த ஸ்பெக்ட்ரமின் பிளஸ் மாடலை டெசிபெல்ஸ் நிறுவனம் இங்கே டிபி ஸ்பெக்ட்ரம் பிளஸ் என்று விற்றது. பள்ளிகளில் கணினி கற்பிக்க அரசு 1984இல் தொடங்கிய கிளாஸ் திட்டத்தில் பள்ளிகளுக்குப் போனது பிபிசி மைக்ரோ. பழைய பள்ளியின் ஸ்டோர் ரூமில் இன்னும் ஒன்று கிடந்தால் ஆச்சரியமில்லை.

ஸ்பெக்ட்ரமுக்கு எமுலேட்டர் வழி உறுத்தலில்லாதது. அதன் உரிமையை வைத்திருந்த ஆம்ஸ்ட்ராட் நிறுவனம், உள்ளே இருக்கும் அடிப்படை நிரலை எமுலேட்டர்களோடு சேர்த்துக் கொடுக்க 1999இலேயே அனுமதித்துவிட்டது. ஃபியூஸ் என்ற எமுலேட்டரை இறக்கினால் வேலை முடிந்தது. அசல் கருவிதான் வேண்டும் என்றால், 48கே மாடலில் முதலில் போவது கீபோர்டின் அடியில் உள்ள மெல்லிய தாள். காய்ந்து ஒடிந்துவிடும், புதிது கிடைக்கிறது. கீழ்வரிசை நினைவகச் சிப்புகளுக்கு 5, 12, மைனஸ் 5 என்று மூன்று வோல்ட்டேஜ் வேண்டும். டிஆர்4 என்ற டிரான்சிஸ்டர் போய்விட்டால் அவை சரியாக வராது, சிப்புகளும் சேர்ந்து போகும். ஆகவே சிப்பை மாற்றும் முன் அதை அளந்து பாருங்கள். டேப் ரெக்கார்டர் தேட வேண்டியதில்லை, போனின் இயர்போன் துளையிலிருந்து வயர் போட்டு, ஒலியைக் கூட்டி வைத்தால் கேம் ஏறும். ஐந்து நிமிடம் கோடு கோடாக ஓடும் திரையைப் பார்த்தபடி காத்திருக்க வேண்டும். இது பிடிக்காதவருக்கு மெமரி கார்டு போடும் டிவ்எம்எம்சி இருக்கிறது.

பிபிசி மைக்ரோவை மட்டும் எடுத்தவுடன் சுவிட்ச் போடாதீர்கள். அதன் பவர் சப்ளையில் மின் இரைச்சலை வடிகட்டும் ரிஃபா கப்பாசிட்டர்கள் உண்டு. அவற்றின் மேலுறை வயதாகி விரிசல் விட்டிருக்கும், நம் ஊர் ஈரக் காற்றில் இன்னும் மோசம். சுவிட்ச் போட்ட சில நிமிடத்தில் அறை முழுக்கப் புகை கிளம்பும். அவற்றை முதலில் மாற்றிவிடுங்கள். பவர் சப்ளையில் கை வைத்துப் பழக்கமில்லை என்றால் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து கொமடோர் 64 வரவழைக்கிறவர்களும் உண்டு. அதோடு வரும் கனமான கருப்பு அடாப்டரின் உள்ளே பிசின் ஊற்றி அடைத்திருப்பதால் திறந்து சரிசெய்யவும் முடியாது. வயதானதும் அதன் 5 வோல்ட் மெல்ல ஏறத் தொடங்கும், முதலில் நினைவகச் சிப்புகளைத்தான் காவு வாங்கும். மல்டிமீட்டரில் சரியாகக் காட்டினாலும் கம்ப்யூட்டர் ஓடிச் சூடேறிய பிறகு ஏறக்கூடும் என்பதால் அளந்து பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். புதிதாகச் செய்து விற்கும் அடாப்டரின் விலையையும் கம்ப்யூட்டரின் விலையோடு சேர்த்தே பட்ஜெட் போடுங்கள். அந்தத் தொகை அதிகமாகத் தெரிந்தால், எமுலேட்டரை உள்ளே வைத்து அதே கீபோர்டோடு 2019இல் வந்த தி சி64 இருக்கிறது. நேராக எச்டிஎம்ஐ, பழைய கேசட் மட்டும் அதில் ஓடாது.